படத்தை மட்டும் எடு

எம்.கே.பி. நகர்,
9.7.2006

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மாயா எழுதுவது. ஜெய்பீம். போனை எடுக்காததற்குக் கோபப்படாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சே வருவதில்லை. எழுதினால் கொஞ்சமாவது சொல்ல முடிகிறது.

நம் மகள் ரமா போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அவள் படங்களை அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அவள் பிறந்ததிலிருந்து எடுத்த அத்தனையும், நடை பழகிய வீடியோவும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. சிலவற்றைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, உங்களுக்கு மெயிலில் அனுப்ப பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பாதியிலேயே லைன் போய்விட்டது. திரும்பி வந்து அதே பென் டிரைவைச் செருகினேன். அங்கிருந்த வைரஸ் இங்கே ஏறிவிட்டது.

'ரமா' என்ற ஃபோல்டரைத் திறந்தால் ஒரு படமும் இல்லை. திறக்கத் திறக்க அதே பெயரில் இன்னொன்று முளைக்கிறது. என் தம்பி வல்லரசு, "வுடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்கிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையை மறுபடியும் மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது போல் இருக்கிறது. அங்கே யாருக்காவது தெரிந்தால் கேட்டு எழுதுங்கள்.

உங்கள்,
மாயா


சிங்கப்பூர்,
17.7.2006

அன்பு மாயாவுக்கு,

கடிதம் கிடைத்ததும் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ரூமில் இருக்கும் தூத்துக்குடி அம்புரோஸ் அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும். படங்கள் எங்கேயும் போகவில்லையாம். இந்த மாதிரி வைரஸ் நிஜமான ஃபோல்டரை மறைத்துவிட்டு, பார்க்க அதே மாதிரி ஒரு போலியை வைக்குமாம். நீ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வைரஸைத்தான் ஓடவிடுகிறாய்.

கம்ப்யூட்டரை அணைத்து வை. பென் டிரைவைத் தொடாதே. யார் சொன்னாலும் ஃபார்மேட் செய்ய விடாதே, டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஆன்ட்டி வைரஸ் போட்ட வேறு நல்ல கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்காக மாட்டச் சொல். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு மறைந்திருப்பதைக் காட்டச் செய்து, படத்தையும் வீடியோவையும் மட்டும் சி.டி.யில் எடுக்க வேண்டும். வேறு எதையும் எடுத்தால் வைரஸும் கூடவே வந்துவிடுமாம்.

அவள் பிறக்கும் முன்பே இங்கே வந்துவிட்டேன். பிறந்த அன்று துணியில் சுற்றி எடுத்து நீ அனுப்பிய ஒரே படம்தான் என்னிடம் இருக்கிறது. அடக்கத்துக்குக்கூட லீவு தரவில்லை. அக்டோபரில் வருகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்போம்.

அன்புடன்,
தீனா


எம்.கே.பி. நகர்,
3.8.2006

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே வல்லரசு கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிப்போய் ஃபார்மேட் செய்து கொண்டுவந்துவிட்டான். கடிதத்தைப் படித்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"நான்தான்க்கா எல்லாத்தையும் அழிச்சிடுன்னு சொன்னேன்" என்றான். "எந்நேரமும் அந்தப் படத்தையே பாத்துகினு கீறே. சோறு துன்றது இல்ல, வேலைக்குப் போறது இல்ல. வைரஸே தூக்கிகினு பூட்ச்சு, இனிமேலாவது எங்கக்கா பொழச்சுக்கும்னு நென்ச்சேன்."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ரமாவுக்கு முடியாமல் போன அன்றைக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனும் அவன்தானே.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற தேவப்பிரியம் அண்ணனிடம் ஓடினேன். நீங்கள் எழுதியபடியே டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித் தேடினார். "அழிஞ்சதுக்கு மேலயே புதுசா எழுதிட்டாங்கம்மா. கெடச்ச வரைக்கும் எடுக்கறேன்" என்றார். பெயர்கள் வந்தன. திறந்தால் வெறும் சாம்பல் நிறம். ஒன்றே ஒன்று பாதி திறந்தது. நெற்றியும் கண்களும் தெரிகின்றன, மூக்குக்குக் கீழே எதுவும் இல்லை. அதைப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீங்கள் வந்தால் அவள் எப்படிச் சிரிப்பாள், கோபம் வந்தால் எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், எல்லாம் நான் சொல்கிறேன். வாங்க மாமா.

உங்கள்,
மாயா


சிங்கப்பூர்,
26.8.2006

மாயாவுக்கு,

படம் கிடைத்தது. அம்புரோஸ் அண்ணன் பார்த்துவிட்டு, "அப்படியே உன் கண்ணுடா தீனா" என்றார். கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன். எனக்கு அந்த ஜாடை தெரியவில்லை.

வல்லரசுவைத் திட்டாதே. அவளைத் தூக்கி வளர்த்தவன் அவன். நீ பிழைக்க வேண்டும் என்றுதான் செய்தான். நீயும் அவனும் அவளை நினைத்து அழுகிறீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். அந்த வீட்டில் அவளைத் தெரியாதவன் நான் ஒருவன்தான். நீ சொல்லச் சொல்ல, யாரோ வீட்டுப் பிள்ளையின் கதையைக் கேட்பது போலத்தான் நான் உட்கார்ந்திருப்பேன். அதை நீ என் முகத்தில் பார்த்துவிடுவாய். அதற்குப் பிறகு உன்னால் என்னோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது.

அக்டோபர் லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது முடிந்த பிறகும் வருவேனா என்று எனக்கே தெரியவில்லை.

வேலைக்குப் போ. வேளாவேளைக்குச் சாப்பிடு. என்னை எதிர்பார்க்காதே.

தீனா