சொல்லிக்கொள்ளாமல் ஏறிய படகு

3 மார்ச் 2024, ஞாயிறு, யாங்கூன்

பெயிண்ட் கம்பெனிக்காரர் காலையில் கடைக்கே வந்துவிட்டார். போன வருஷம் நாங்கள் விற்ற விற்பனைக்குப் பரிசாம் — துருக்கிக்கு இரண்டு டிக்கெட், எட்டு நாள். மத்தியதரைக் கடல் ஓரமாகத் தனிப் படகில் ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்டுவார்களாம். படம் போட்ட அட்டை ஒன்றும் கொடுத்தார். அந்த நீலத்தில் எந்த ஊரிலும் தண்ணீர் இருக்காது. இருபது வருஷமாகப் பெயிண்ட் கலக்குகிறவளிடம் இந்தக் கதையெல்லாம் வேண்டாம்.

என் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். கம்பெனிக்காரர் போனதும், "பரீதா, நான் வரலை. நீ ரிஹானைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் அந்தச் சட்டம் வந்ததிலிருந்து, பையன் இருக்கிற எந்த வீட்டிலும் சோறு தொண்டைக்குள் ஒழுங்காக இறங்குவதில்லை. வார்டு ஆபீஸில் பேர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். குலுக்கலில் பேர் வந்தால் பட்டாளம். ரிஹானுக்கு இருபத்திரண்டு வயசு.

5 மார்ச்

இவருடைய பெரியம்மா மகன் பாரி நானா துருக்கியில்தான் இருக்கிறார். அந்தால்யா என்ற ஊரில் நகைக் கடை. இவர் போனில் பேசினார். மொழி படிக்கிற வகுப்பில் சேர்த்துவிட்டால் அங்கேயே தங்க அனுமதி வாங்கலாமாம். "பையனைக் கொண்டாந்து விடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார் நானா.

ஆக, இரண்டு பேர் போய் ஒருத்தி திரும்புவது. முடிவாகிவிட்டது. ரிஹானுக்கு மட்டும்தான் தெரியாது.

சொல்லிவிடலாம் என்றேன். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. சொன்னால் வர மாட்டான். வந்தாலும் தெருப் பையன்களிடம் சொல்லாமல் இருக்க மாட்டான். எல்லாவற்றுக்கும் மேல், விமான நிலையத்தில் "எப்போது திரும்புவாய்" என்று ஒரு ஆபீஸர் கேட்டால் அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவன் முகத்தில் பொய் நிற்காது. இது நானே சொல்கிற விஷயம்தான், மறுக்க முடியவில்லை.

"அப்ப எப்பங்க சொல்றது?"

"அந்தப் படகுல வெச்சு சொல்லிடு. அங்க எந்திரிச்சுப் போக முடியாதுல்ல."

அது சரிதான். பிடிக்காத பேச்சு வந்தால் ரிஹான் பதில் பேச மாட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவான். நாலு மாடிக்கு அந்தச் சத்தம் கேட்கும். பிறகு தெருமுனை டீக்கடையில் கூட்டாளி தீஹாவோடு உட்கார்ந்திருப்பான்.

19 மார்ச்

நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்கிறேன். அல்லாஹ் எந்தக் கணக்கில் எழுதுவானோ.

இன்று கம்பளிச் சட்டைகள் வாங்கினேன். பெட்டியில் அடியில் வைத்துத் துண்டு போட்டு மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவளைப் பற்றி எத்தனை பேரிடம் சிரித்திருப்பேன்.

சாயங்காலம் கீழே இருந்து யாரோ எங்கள் ஜன்னலிலிருந்து தெருவுக்குத் தொங்குகிற அழைப்புமணிக் கயிற்றை இழுத்தார்கள், மணி ஆடியது. யாரோ என்ன, தீஹாதான். வேறு யார் அப்படி விடாமல் இழுப்பார்கள். எதிர்வரிசைப் பையன், பர்மியப் பிள்ளை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத் திரிகிறார்கள். அவனுக்கும் இருபத்திரண்டு. அவன் அம்மாவுக்குப் பரிசு டிக்கெட் கொடுக்க ஒரு கம்பெனியும் இல்லை. இதை நினைத்தபின் ஜன்னலோரம் போகவே தோன்றவில்லை.

11 ஏப்ரல், பெருநாள்

தீஹா பிரியாணி சாப்பிட வந்தான். இரண்டு தட்டு. திங்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ரிஹான் ஊரில் இருக்க மாட்டான் என்று ஒரே புலம்பல். "நீ இல்லாம யார் மேலடா நான் தண்ணி ஊத்துறது?" ரிஹான் சிரித்துக்கொண்டே, "இருபதாம் தேதி வந்துருவேன். எனக்கு ஒரு வாளி எடுத்து வை" என்றான். எல்லாம் பர்மியத்தில்.

நான் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கினேன். எந்தக் கறிக்கும் வெங்காயம் தேவைப்படவில்லை.

13 ஏப்ரல், அந்தால்யா

வந்து சேர்ந்தோம். நேற்று யாங்கூன் விமான நிலையத்தில் அவனைத் தனியே கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். எனக்குத் தெரிந்த எல்லா ஓதலையும் ஓதிவிட்டேன். திரும்பி வந்தான். என்ன கேட்டார்கள் என்றேன். "எப்ப திரும்புவேன்னு கேட்டாங்க, இருபதாம் தேதின்னேன்" என்றான். அவ்வளவுதான். நல்ல வேளை, சொல்லாமல் விட்டோம்.

15 ஏப்ரல்

இன்னும் சொல்லவில்லை. பாரி நானா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறார். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் கண்ணாலேயே பதில் சொல்கிறேன்.

ரிஹான் கடைவீதியில் தீஹாவுக்கு ஒரு பந்தாட்டச் சட்டை வாங்கினான். அளவு பார்க்கத் தன் மேலேயே வைத்துப் பார்த்தான். எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

16 ஏப்ரல்

எங்களோடு பரிசு வென்ற மாண்டலே தம்பதிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதாம், கடைவீதிக்குப் போய்விட்டார்கள். மரப் படகு முழுவதும் எங்கள் இரண்டு பேருக்குத்தான். ஓட்டுபவர் ஜெமால், கூடவே அவர் மனைவி ஹட்டிஜே. பெயரைக் கேட்டதும், "எங்க ஊர்ல கதீஜான்னு சொல்வோம்" என்றேன். அந்த அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. நாள் முழுக்க எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அட்டைக்காரன் பொய் சொல்லவில்லை. அந்த நீலம்தான். மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது, நடுவில் மணல்கூட இல்லை. ஓரிடத்தில் ஜெமால் இஞ்சினைக் குறைத்துக் கையைக் காட்டினார். தண்ணீருக்குள் சுவர்கள், வாசல்கள், கீழே இறங்கிக்கொண்டே போகிற படிக்கட்டு. முன்னொரு காலத்தில் பூமி அதிர்ந்து ஊரில் பாதி முழுகிவிட்டதாம். மீதிப் பேர் மேலே ஏறிப் பிழைத்தார்களா என்று கேட்க நினைத்தேன். ஆனால் ஆங்கிலத்தில் அதை எப்படிக் கேட்பது?

மத்தியானம் ஒரு சின்ன வளைவுக்குள் நங்கூரம் போட்டார்கள். ஹட்டிஜே மீன் சுடப் போனாள். இதை விட்டால் வேறு நேரம் இல்லை. சொன்னேன். வீட்டில் பலமுறை ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"ரிஹான், நீ திரும்பி வரலை. பாரி பெரியவாப்பா வீட்டுல இருந்து படிக்கப்போற. நானும் வாப்பாவும் முடிவு பண்ணிட்டோம்."

அவன் எழுந்தான். படகின் முன்கோடிக்குப் போனான். திரும்பிப் பின்கோடிக்கு வந்தான். எங்கே போவான், பார்க்கலாம் என்று மனசுக்குள் ஒரு கணம் கெட்டிக்காரத்தனமாக இருந்தது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. சட்டையைக் கழற்றினான். கடலில் குதித்துவிட்டான்.

நான் போட்ட கூச்சலில் ஹட்டிஜே மீன் திருப்புகிற கரண்டியோடு ஓடி வந்தாள். ஜெமால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கோல்ட் வாட்டர். ஹி கம்" என்றார். என்ன மனுஷன்! என் பிள்ளை எதிரிலிருந்த பாறைவரை நீந்திப்போய், ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த முதுகை எவ்வளவு நேரம் பார்த்தேனோ. மீன் ஆறிப்போனது.

பிறகு அவனாகவே நீந்தி வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது, பல் கிடுகிடுவென்று அடித்தது. ஹட்டிஜே துண்டைப் போர்த்திவிட்டு நகர்ந்து போய்விட்டாள்.

"எனக்குத் தெரியும் உம்மா" என்றான்.

"என்னடா தெரியும்?"

"பெட்டியில கம்பளி பாத்தேன். நாலு. ஒரு வாரத்துக்கு நாலு எதுக்கு?"

"தெரிஞ்சுமாடா கேக்காம இருந்தே?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும். நீங்க சொல்லவேயில்ல."

அப்புறம் தமிழ் போதாமல் பர்மியத்துக்கு மாறிவிட்டான். கோபம் வந்தால் அப்படித்தான். தீஹாவின் முகத்தைப் பார்த்து இருபதாம் தேதி வருவேன் என்று பொய் சொன்னானாம். ஆபீஸரிடமும் பொய்தானாம். என்னையும் வாப்பாவையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று. "யாருகிட்டயும் சொல்லிக்காம வந்துட்டேன், உம்மா. திருட்டுப் பய மாதிரி." அதை மட்டும் தமிழில் சொன்னான்.

பொய் நிற்காத முகம் என்றேனே! பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியும் என்று யார் சொன்னது. நாங்கள் அவனிடம் மறைத்தோம், அவன் எங்களுக்காக ஊரிடமே மறைத்திருக்கிறான். முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒருவனிடமாவது சொல்லிக்கொண்டு வந்திருப்பான். தீஹா யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். பயம், அவ்வளவுதான்.

"இருக்கேன்" என்றான் கடைசியில். "வாப்பா சொன்னதுக்காக இருக்கேன். ஆனா உங்ககூட எனக்குப் பேச்சு வரலை."

சாயங்காலம் கரையில் இறங்கி நடக்கும்போது ஹட்டிஜே படகிலிருந்து என் காலுக்குப் பின்னால் ஒரு செம்புத் தண்ணீரை வீசினாள். அட, இவளுக்கும் திங்ஜான் தெரிந்திருக்கிறதே! ஊரில் இன்று கடைசி நாள் அல்லவா. சும்மா விடலாமா? படகுக்குத் திரும்பி ஓடி, கையிலிருந்த பாட்டிலைத் திறந்து அவள் தலையிலேயே ஊற்றிவிட்டேன். அவள் ஆ என்று நின்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரிஹான்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.

கூட்டிப்போக வந்த பாரி நானாதான் விளக்கினார். திங்ஜானும் இல்லை ஒன்றும் இல்லையாம். ஊருக்குப் போகிறவர்களின் பின்னால் தண்ணீர் ஊற்றுவது இவர்கள் வழக்கம். தண்ணீர் போலத் தடையில்லாமல் போய், தண்ணீர் போலவே திரும்பி வா என்று அர்த்தமாம்.

முன்பின் தெரியாத ஒருத்தி எனக்காக அதைச் செய்திருக்கிறாள். என் பிள்ளை பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று நான் என்ன செய்தேன்? பெட்டிக்குப் பூட்டுச் சரியாக விழுந்ததா என்று பார்த்தேன்.

19 ஏப்ரல்

விமான நிலையம். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கண்ணாடிக் கதவுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பர்மியத்தில் "போகிறேன்" என்றே சொல்லிவிட்டுப் போவார்கள். அவனும் சின்ன வயசிலிருந்தே தமிழில் "போறேன் உம்மா" என்பான், "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்று நான் திருத்துவேன். இன்று போகிறவள் நான். போயிட்டு வரேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்போது வருவேன்? யார் டிக்கெட் தருவார்கள்? தலையைத் தடவினேன். தடவவிட்டான்.

20 ஏப்ரல், யாங்கூன்

கயிறு ஆடியது.

நான் போகவில்லை. இவர்தான் இறங்கிப் போனார். மேலே வந்து, "ஒண்ணும் கேக்கலை. 'சரி அங்கிள்'னு சொல்லிட்டுப் போயிட்டான்" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

பந்தாட்டச் சட்டையைக் கொண்டுபோய்த் தீஹாவின் அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

9 மே

ரிஹானின் வகுப்பு தொடங்கிவிட்டது. வாப்பாவிடம் நன்றாகப் பேசுகிறான். அங்கே ரொட்டி நன்றாக இருக்கிறதாம், சோறுதான் சோறு மாதிரி இல்லையாம். போன் என் கைக்கு வந்தால் "ம்". சாப்பிட்டியா — ம். உடம்பு — ம். வெச்சிடறேன் — ம். வைத்துவிடுகிறான்.

தீஹா அவன் போனை எடுப்பதே இல்லையாம். இவர் சொன்னார்.

2 ஜூன்

"ம்" கூட இல்லை இன்று. தூங்குகிறானாம். பாரி நானாவுக்கும் பொய் சொல்லத் தெரியவில்லை.

14 ஜூன்

வார்டில் மறுபடி குலுக்கினார்கள். தீஹாவின் பேர் வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கதவு மூடியே இருக்கிறது. மதியம் சோறு கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ரிஹானிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் இவர். படிப்புக் கெட்டுவிடுமாம். மறுபடியுமா? இதே பேச்சைத்தான் மார்ச்சிலும் பேசினோம். நான் சொல்லத்தான் போகிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர மூன்று தடவை போனைக் கையில் எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

21 ஜூன்

மதியம் மழை. கடையில் நான் மட்டும். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு தீஹா நின்றான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான்.

"நாளைக்குப் போறேன் ஆன்ட்டி. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவன் தலையை ஆட்டினான். பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே, "உங்க போன்லேர்ந்து அவனை ஒரு தடவை கூப்பிடுறீங்களா?" என்றான்.

கூப்பிட்டேன். ரிஹானின் முகம் வந்தது. வழக்கமான "ம்".

"ரிஹான், தீஹா பேரு வந்துருச்சு. நாளைக்குப் போறான். இங்க என் முன்னாடிதான் நிக்கிறான். பேசு" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். போனைத் தீஹாவின் கையில் கொடுத்தேன்.

பெயிண்ட் குலுக்குகிற மெஷினில் ஒரு காலி டப்பாவை மாட்டி ஓடவிட்டேன். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கக் கூடாது. மெஷின் கடகடவென்று ஆடியது. தீஹா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேசினான், ஒரு தடவை உரக்கச் சிரித்தான், ஒரு தடவை நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டான். ஒருவர் வந்து வெள்ளைச் சுண்ணாம்புப் பெயிண்ட் கேட்டார். மெஷின் பழுது, நாளைக்கு வாருங்கள் என்றேன். ஓடுகிற மெஷினைப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டுப் போனார்.

ரொம்ப நேரம் கழித்துத் தீஹா போனை நீட்டினான். என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

மெஷினை நிறுத்தினேன். திரையில் ரிஹான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பழக்கதோஷம், "சரிப்பா, வெச்சிடறேன்" என்றேன்.

"வெக்காதீங்க உம்மா" என்றான்.

நான் வைக்கவில்லை.