தம்பியின் ரிமோட்

7, திங்கள்
வெயில். கார் ரிமோட் சட்டைப்பையோடு வாஷிங் மெஷினில் போய்ச் செத்தது. புதிது வாங்கி, வீடியோ பார்த்து நானே பதிவு செய்தேன். கதவெல்லாம் மூடி, சாவி ஆன், ஆஃப், ஆன், ஆஃப். பூட்டு துடித்ததும் பொத்தான். டக். கடைக்காரன் கூலி மிச்சம்.

அப்பாவின் பழைய கார். ஞாயிறு, திங்கள் எனக்கு. மற்ற நாள் தம்பி சாமுவேலுக்கு. நிறுத்துவது சர்ச் காம்பவுண்டில். ஆளுக்கொரு சாவி, ரிமோட். பாகப்பிரிவினையில் பஜார் பட்டுக்கடையை அவன் அமுக்கியதிலிருந்து பேச்சில்லை. அவன் நெட்டைக்கால், சீட்டைப் பின்னால் தள்ளியே விடுவான். திட்டிக்கொண்டே முன்னால் இழுப்பேன்.

8, செவ்.
காலையில் மேரிக்கு போன். தம்பி. "அண்ணி, ரிமோட்டு வேலை செய்யல. சாவி போட்டுத் தொறந்தா வண்டி கத்திகினே இருக்குது. ஜெபத்துக்கு வந்தவங்க எல்லாம் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க."
சிரித்துவிட்டேன். மேரி முறைத்தாள். பிறகு கார் புத்தகத்தைப் புரட்டினேன்: புதிதாகப் பதிந்தால் பழைய ரிமோட் எல்லாம் அழியும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பதிய வேண்டும். சத்தியமாகத் தெரியாது.
மாலை வாசலில் நின்றே சாவியையும் ரிமோட்டையும் மேரியிடம் கொடுத்தான். "என்னை வெளிய தள்ளணும்னா வாயால சொல்லலாமே அண்ணி. வண்டிய அவரே வெச்சிக்கட்டும்."

9, புத.
அவன் சாவி ஃபிரிட்ஜ் மேல். கடை விஷயம் வேறு, அதை மன்னிக்கவில்லை. ஆனால் செய்யாததற்குப் பழியா? மேரியிடம் மூன்றாவது தடவை சொன்னேன். "எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க."
காரும் போனால் அவனைப் பார்ப்பது கல்யாணத்தில், சாவில்.

10, வியா.
தூறல். அவன் சாவி, ரிமோட்டோடு காரை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டுக்கடைக்கே போனேன்.
"வண்டில ஏறு."
"எதுக்கு?"
"ரெண்டு ரிமோட்டையும் சேர்த்துத்தான் பதியணுமாம். எனக்குத் தெரியாதுடா."
ஏறினான். நான் சாவியைத் திருப்ப, அவன் அழுத்த வேண்டும். முதல் தடவை தவறியது.
"ஜல்தியா அழுத்துடா. எப்பவும் லேட்டு."
"நீங்க கத்தினா விரல் நடுங்குதுண்ணா."
அண்ணா. காதில் விழாத மாதிரி இருந்தேன்.
மறுபடியும். டக், என்னுடையது. டக், அவனுடையது. தூறல் விட்ட பிறகும் இருவரும் இறங்கவில்லை.
"டீ சொல்லட்டாண்ணா?"
"சர்க்கரை..."
"இல்லாம. தெரியும்."

13, ஞாயிறு
காரைத் திறந்தேன். சீட்டை எனக்காக முன்னால் இழுத்து வைத்திருக்கிறான். அளவுக்கு மேல் இழுத்திருக்கிறான். வீடு வரைக்கும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பின்னால் தள்ளவில்லை.