மூண்டு கிரெடிட் காட்

14.07.2012, சனி. வென்ட்வேர்த்வில்.

கிரெடிட் காட் எடுத்தா நூறு டொலர் போனஸ் எண்டு மகளின்ர பேரிலை மூண்டு எடுப்பிச்சனான். கன காட் இருந்தா பாங்க் மதிக்கும் எண்டு நினைச்சன். ஒவ்வொரு காட்டும் கடன் கணக்காம்; அதாலையே வீட்டு லோன் தரமாட்டம் எண்டு இண்டைக்குச் சொல்லிப்போட்டாங்கள்.

மருமோன் குசினிக் கதிரையைத் தூக்கினான். "கிழட்டு நாயே, உன்னாலைதானடா வீடு போச்சு!"

நான் வாயை மூடியிருக்கலாம். "அடியுங்கோ தம்பி, அதுக்கும் போனஸ் தருவாங்கள்" எண்டு பகிடி விட்டன்.

கதிரை வந்துது. மகள் குறுக்கை பாய்ஞ்சாள். நெத்தி பிளந்து ரத்தம்.

ஆஸ்பத்திரியிலை, "படியிலை விழுந்தனான்" எண்டாள். எங்கட வீட்டிலை படியே இல்லை.

இப்ப என்ர கட்டிலிலை படுத்திருக்கிறாள். அந்தக் கதிரையைத்தான் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கிறன். "மாமா, திறவுங்கோ" எண்டு அவன் தட்டுறான். எனக்கு ஒரு பகிடியும் வருதில்லை.