நடக்காத வெட்டின் விலை

பிப்ரவரி 10
வாஷிங்டனில் மறுபடி பனி. அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் மருத்துவர்களுக்குத் தரும் கட்டணத்தைச் சட்டப்படி ஐந்தில் ஒரு பங்கு வெட்டவேண்டும். வழக்கம்போல் கடைசி நாளில் தள்ளிவைப்போம். பல வருடமாக இந்த ஒட்டு வேலைதான். நாடாளுமன்றத்தில் ஒட்டுப் போடும் அலுவலர் குழுவில் நானும் ஒருத்தி.

பிப்ரவரி 22
நெப்ராஸ்காவிலிருந்து அப்பா கூப்பிட்டார். நிரந்தரமாகத் தீர்க்காமல் இன்னொரு ஒட்டுப் போட்டால், இந்த நிச்சயமின்மையே வேண்டாமென்று டாக்டர் லிண்ட்க்விஸ்ட் முதியோர் காப்பீட்டுக்காரர்களைப் பார்க்கமாட்டாராம். அப்பாவின் இதயத்தை அறிந்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த டாக்டர் இரண்டு மணி நேரப் பயணத்தில்.
"உங்க ஆபீஸ்ல என்னதாம்மா பண்றீங்க?"
பயமாக இருக்கிறது.

மார்ச் 3
ஒரு விசித்திரம். அந்த வெட்டு நடப்பதே இல்லை. ஆனால் வருங்காலச் சேமிப்பென்று கணக்கில் ஏற்றி வைத்திருக்கிறோம். அதனால் அந்தச் சட்டத்தை ஒழித்தால் அது "செலவு"! வராத பணம் எப்படிப் போகும்? மேலதிகாரி ஹாலரனிடம் கேட்டேன்.
"கணக்குன்னா அப்படித்தான் லெனோரா. அந்தச் செலவுக்கு ஈடா கொஞ்சமாவது வரவு காட்டு. ரெண்டு கட்சியும் கை தூக்கும்."

மார்ச் 12
டாக்டர் எத்தனை பேரைப் பார்த்தார் என்பதைவிட, எவ்வளவு நன்றாகப் பார்த்தார் என்பதற்குக் கட்டணம் - அது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஈடு? வசதியான முதியவர்கள் கூடுதல் சந்தா கட்டட்டும். வசதியை இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமான வரிக் கணக்கு சொல்லும். நான்தான் எழுதினேன். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு என்ன வலிக்கப்போகிறது?

ஏப்ரல் 16
புதுச் சட்டம் நிறைவேறிவிட்டது; வெட்டு ஒழிந்தது. லிண்ட்க்விஸ்ட் அப்பாவைத் தொடர்ந்து பார்ப்பார். அலுவலகக் கழிப்பறையில் நின்று கொஞ்சம் அழுதேன்.

டிசம்பர் 4
அப்பாவுக்கு அடுத்த வருடச் சந்தா எகிறியிருக்கிறது. போன வருடம் மேற்கு வயலை விற்றாரே! அந்த ஒரு வருட வருமானத்தால் அவர் இப்போது பணக்காரர். முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டுதான் இன்னும் போடுகிறார். விற்றது எனக்குத் தெரியும். எழுதும்போது ஏன் தோன்றவே இல்லை?
"என்னைப் பணக்காரன்னு எந்தப் புண்ணியவான் எழுதினான்?"
"நான்தாம்ப்பா."
அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.
"டாக்டர் இருக்காருல்ல?"
"இருக்கார்."
"அப்ப கட்டிடறேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது கேக் நீ வாங்கிட்டு வா. பணக்காரன் வீட்டுக்கு வெறுங்கையோட வராதே."