பதிவேட்டில் கழன்ற மோதிரம்

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நகராட்சியின் பழைய சொத்துப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து செய்து முதுகு விட்டுப்போகிறது. சுருளும் தாளை விரலால்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். நேற்று மேலாளர் நாற்பது படங்களைத் திருப்பிவிட்டார். “என்னப்பா, எல்லா வீட்டுப் பத்திரத்துலயும் உன் விரல்தான் இருக்கு. ஊரையே வளைச்சுப் போட்டுட்டியா?”

பார்த்தால், பன்னிரண்டாம் படத்தில் விரலில் நீ போட்டுவிட்ட மோதிரம் இருக்கிறது, பதின்மூன்றில் இல்லை! கழன்றதே தெரியவில்லை. ஓடிப்போய் அந்தப் பக்கத்தைப் பிரித்தேன், தையலிடுக்கில் கிடந்தது.

நான் இளைக்கவில்லை, மோதிரம்தான் பெருத்துவிட்டது. பதிவேடு தைக்கும் நூலைச் சுற்றிப் போட்டிருக்கிறேன், உறுத்துகிறது.

மேலாளர் கூப்பிடுகிறார், நாற்பதையும் மறுபடி எடுக்க வேண்டும். கொஞ்சம் நூல் அனுப்பு. கடையில் வாங்காதே, உன் தையல் பெட்டியில் கிடப்பதே போதும்.

உன்னவன்