விரலால் முடுக்கிய நான்கு போல்டுகள்

13 செப்டம்பர் 2025, சனி

ரூபேந்திரன் இன்று சோற்றுத் தட்டை இடது கையால் தூக்கினான். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. தினமும் விடிகாலை நாலரைக்குக் கோத்தா திங்கியிலிருந்து மோட்டர் சைக்கிளில் கிளம்புகிறான். ஜொகூர் பாரு, பாலம், அப்புறம் சிங்கப்பூரில் தொழிற்சாலை. சாயங்காலம் அதே வழி. செம்பனை லாரிகள் ஓடி ஓடி ரோடு முழுக்கக் குழி. அவனுடைய சின்ன கப்சாய் வண்டியில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் செத்துப் பல மாதமாகிறது, ஒவ்வொரு குழியும் நேராகக் கையில் வந்து அடிக்கிறது.

"புது மோட்டர் வாங்கிருங்களேன்" என்றாள் கஸ்தூரி. என் தங்கை, ரூபேந்திரன் பெண்டாட்டி. இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள்தான். ராத்திரிச் சோறு அவள் வீட்டில்தான்.

ரூபேந்திரன் சிரித்தான். "ஒங்க அண்ணன் இருக்கறப்ப புது மோட்டர் எதுக்கு? மச்சான், ஒரு கை பாருங்க லா."

நான் எண்ணெய் ஆலையில் இருபத்து இரண்டு வருடமாக ஃபிட்டர். ஒரு ஃபோர்க் மாற்றத் தெரியாதா எனக்கு?

20 செப்டம்பர், சனி

உலு திராமில் பழைய வண்டி உடைக்கும் கடையில் மூன்று மணி நேரம். வேறொரு 150 சிசி கப்சாயின் ஃபோர்க் கிடைத்தது. கால்கள் இரண்டும் தடியாக, வளையாமல், துருவில்லாமல். இரண்டு காலையும் சேர்த்துக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் துண்டையும் வாங்கினேன், அதற்கு டி என்று பேர். பிரேக் செட் இன்னொரு வண்டியுடையது. ஆக மூன்று வண்டியின் உறுப்பு ஒரு வண்டிக்கு. கல்யாணம் பண்ணிவைக்கிற மாதிரிதான், ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைக்க வேண்டும்.

ஒத்துப்போகவில்லை. டியின் தண்டு ஒரு விரற்கடை நீளம் அதிகம். சக்கரத்து அச்சு மெல்லியது, புதுக் காலின் துளை பெரியது. இரண்டுக்கும் வளையம் கடைய வேண்டும்.

27 செப்டம்பர், சனி

ஆலை லேத்தில் வளையங்களை இரும்பிலேயே கடைந்தேன். அலுமினியம் சுலபம், ஆனால் நம்ப முடியாது. காலுக்குள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு மேலே தண்ணீர்க் குழாயை அறுத்து ஒரு துண்டு வைத்தேன், ரூபேந்திரன் எடைக்கு இப்போது சரியாக இருக்கிறது. எண்ணெயை இரண்டு காலிலும் ஒரே அளவாக ஊற்றி அளந்தேன்.

பக்கத்து வீட்டு மனோகரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "கடையில கூட இப்படிச் செய்ய மாட்டானுங்க லோகா" என்றார். லாரி ஓட்டி ரிட்டயர் ஆன மனிதர், சும்மா புகழ மாட்டார். எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

அரை நாள் லீவு போட்டேன். கஸ்தூரி வீட்டு முற்றத்தில்தான் வேலை, மூன்று மணிக்குச் சக்கரம் ஏறிவிட்டது. பெரிய மோட்டருக்கு மேலேயும் ஒரு டி இருக்கும், கப்சாய்க்குக் கிடையாது. காலுக்கு இரண்டாகக் கீழ் டியில் நான்கு போல்டு. எல்லாம் அதில்தான் நிற்கிறது. விரலால் முடுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் வைத்து நாலைந்து தடவை அமுக்கினால் கால்கள் நேருக்கு வரும். அப்புறம்தான் ஸ்பேனர்.

அமுக்கிவிட்டுத் திரும்பினால் ஸ்பேனர் இல்லை. கஸ்தூரி எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் அடுக்கிவிட்டாள்.

"ஒரு நிமிசம் குடு" என்றேன்.

"பொட்டு வெச்சாச்சுண்ணே. இனி நாளைக்குப் பூஜ முடிச்சுத்தான் தொடணும்."

சரி. ரூபேந்திரனுக்கு இன்றும் நாளையும் லீவு. காலையில் பத்து நிமிட வேலை.

சாயங்காலம் வண்டிக்கு மாலை, பூசணி, எலுமிச்சம்பழம். ரூபேந்திரன் பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, தெருமுனை வரை போய் வந்தான். "தண்ணி மேல போற மாதிரி இருக்கு மச்சான்." சுண்டல் நன்றாக இருந்தது.

2 அக்டோபர்

ரூபேந்திரன் விழுந்துவிட்டான். ஆறு மணிக்குக் கஸ்தூரி கதவைத் தட்டினாள். லீவுதானே அவனுக்கு? லீவுதானே?

3 அக்டோபர், வெள்ளி

ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரி. கண் திறக்கவில்லை. தலையில் அடி, இடுப்பு எலும்பு, இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. மூன்றரை மணிக்கு வேலையிடத்திலிருந்து போன் வந்ததாம், ஆள் இல்லை, வா என்று. என்னை எழுப்ப வேண்டாம் என்று சத்தமில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். தெருமுனையில் போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினானாம். ஒங்க அண்ணன் அசந்து தூங்குவாரு என்று கஸ்தூரியிடம் சொன்னானாம்.

மனோகரன் போலீஸ் நிலையத்துக்குப் போய் வந்தார். "லாரியிலேருந்து டீசல் ஊத்தியிருக்கு. வழுக்கிருச்சு. எத்தனை பேர நான் பாத்திருக்கேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

டீசல்தான். டீசலாகத்தான் இருக்க வேண்டும்.

4 அக்டோபர்

நான்கு போல்டு. நான்கு போல்டு. நான்கு போல்டு.

6 அக்டோபர், திங்கள்

அவனுடைய மழைக்கோட்டையும் சோற்று டப்பாவையும் எடுத்து வருகிறேன் என்று கஸ்தூரியிடம் சொல்லிவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். பொய். பின் வளாகத்தில் வண்டி கிடந்தது. ஹேண்டலில் மாலையின் நார் இன்னும் தொங்குகிறது.

குனிந்து பார்த்தேன். ஃபோர்க்கின் இடது கால் டிக்குள் ஒரு கட்டை விரல் நீளம் மேலே ஏறி நிற்கிறது. வலது கால் இருந்த இடத்தில் இருக்கிறது. சக்கரம் கோணி நிற்கிறது. குழியில் இறங்கிய வேகத்தில் கால் வழுகியிருக்கிறது, ஹேண்டல் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. ஃபிட்டருக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாம்.

இடது போல்டைத் தொட்டேன். இரண்டு விரலால் திருகினேன். சுற்றியது.

காவலர் வந்து, "சூடா, பாங்?" என்றார், முடிந்ததா அண்ணே என்று மலாயில். முடிந்தது என்றேன். டப்பாவைத் திறந்து பார்க்கக்கூடத் தைரியமில்லை. கஸ்தூரி கட்டிக் கொடுத்த பூஜைச் சுண்டலாக இருக்கும்.

7 அக்டோபர்

சொல்லவில்லை.

8 அக்டோபர்

இன்றும் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் கஸ்தூரி பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் தோளில் சாய்ந்து தூங்கினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பா இது? நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

9 அக்டோபர், வியாழன்

நேற்றிலிருந்து மனசு ஒரு கணக்குப் போடுகிறது. நான் கேட்டேனே. ஒரு நிமிஷம் குடு என்று கேட்டேனே. அவள்தானே தரமாட்டேன் என்றாள்? பொட்டு வைத்த ஸ்பேனரைத் தொட்டால் என்ன ஆகிவிடும்? அவள்தான் காரணம். என் மேல் என்ன தப்பு?

இந்த நோட்டைப் புரட்டி ஒன்றாம் தேதி எழுதினதைப் படித்தேன். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன். சுண்டல்வரை எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்னால் ரூபேந்திரன் என்னைக் கேட்டான். "முடிஞ்சிச்சா மச்சான்?" மனோகரன் நின்றார், தெருவில் பத்துப் பேர் நின்றார்கள். இன்னும் நான்கு போல்டு பாக்கி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலை போட்ட வண்டி. என் கை வேலை.

"முடிஞ்சது மாப்ள" என்றேன்.

கஸ்தூரி என்னடா செய்தாள்? அவள் ஸ்பேனரைத்தான் எடுத்தாள். என் வாயை எடுத்துக்கொள்ளவில்லையே. வண்டிய எடுக்காத, நாளைக்கு நான் இறுக்கினப்புறம் ஓட்டு-ன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நான்? பாவி. யார்கிட்ட பெருமை காட்டுன? மனோகரன்கிட்டயா?

11 அக்டோபர், சனி

ரூபேந்திரன் கண் விழித்துவிட்டான். அதற்கு முதல் நாள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது கஸ்தூரி.

14 அக்டோபர், செவ்வாய்

கஸ்தூரி ஆஸ்பத்திரிக்குச் செருப்பில்லாமல் வந்தாள். கேட்டால், விரதமாம். பகல் ஒரு வேளை மட்டும் சோறு, ராத்திரி தண்ணீர். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது.

"எலுமிச்சம்பழம் சரியா நசுங்கலண்ணே. ஒண்ணு ஒதுங்கி உருண்டு போச்சு. நான் பாத்தேன். வேற பழம் வெச்சிருக்கணும், சோம்பல்ல வுட்டுட்டேன். பூஜையில நான்தான் என்னமோ கொற வெச்சுட்டேன். இல்லாட்டி பூஜ போட்ட மறுநாளே எப்படிண்ணே கால் போவும்?"

டீசல் என்றேன். மனோகரன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"டீசல் எல்லாருக்கும்தான் ஊத்துச்சு. இவர மட்டும் ஏன் தள்ளுச்சு?"

பதில் எனக்குத் தெரியும். அவள் உள்ளங்கால் வெடித்து ரத்தம் கசிகிறது. நான் காபி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

15 அக்டோபர்

சொன்னால் அவள் கேட்கப் போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். ஏன் இறுக்கவில்லை? ஸ்பேனர் எங்கே இருந்தது? எலுமிச்சம்பழத்துக்கே செருப்பைக் கழற்றியவள், அது தெரிந்தால் உயிரோடு இருப்பாளா?

சொல்லாவிட்டால் இப்படியே வற்றிப் போவாள்.

அலமாக். சாமி, எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

17 அக்டோபர், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவள் வீட்டுச் சமையலறையில். எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், அவள் சாப்பிடவில்லை. அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

"எலுமிச்சம்பழம் இல்ல, டீசலும் இல்ல. ஃபோர்க் கால் வழுகிருச்சு. போல்ட நான் இறுக்கல. வண்டிய போலீஸ் பாலாய்ல போய் பாத்துட்டேன்."

அதற்கப்புறம்தான் அடுப்பை அணைத்தாள். தோசை கருகும் வாசனை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் ஸ்பேனர எடுத்து சாமிகிட்ட வெச்சேனே. நீங்க கேட்டீங்க. அதுனாலயாண்ணே?"

அவள் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், பாதிப் பாரம் அவள் தலைக்குப் போய்விடும். எனக்கு அந்த ஆசை வரவில்லை என்று இந்த நோட்டில் பொய் எழுத மாட்டேன். வந்தது.

"இல்ல" என்றேன். "நான் ஸ்பேனர் கேட்டது சக்கரத்து அச்ச இறுக்க. போல்ட முன்னாடியே இறுக்கியிருக்கணும். மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா."

"மறந்துட்டேன்."

"இத்தன நாளு என்கூடவே ஒக்காந்திருந்தீங்களே. டீசல் டீசல்னு சொன்னீங்களே."

கரண்டியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள். "இனிமே நீங்க வராதீங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

வீட்டிலேயே இருந்தேன்.

2 நவம்பர், ஞாயிறு

போலீஸிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் செய்வதைச் செய்யட்டும். மனோகரன் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார். ஆலையில் லேத் பக்கம் போனால் கை நடுங்குகிறது. இரும்பு வெட்டும்போது நடுங்கினால் விரல் போய்விடும். போனால் என்ன?

இப்படி எழுதக் கூடாது.

23 நவம்பர், ஞாயிறு

ரூபேந்திரன் வீட்டுக்கு வந்துவிட்டான். கஸ்தூரி கடைக்குப் போன நேரம் பார்த்து எனக்குப் போன் பண்ணினான். வாசல்வரை போனேன், உள்ளே போகவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தான். கால் சட்டையின் ஒரு பக்கத்தை மடித்து ஊசி குத்தியிருந்தது. அதைப் பார்க்காமல் பேசப் பார்த்தேன், முடியவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிச்சிரு மாப்ள என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

அழுது முடித்ததும் நாற்காலியைக் கதவருகே உருட்டிக்கொண்டு வந்தான்.

"மன்னிக்க இன்னும் எனக்கு வரல மச்சான். நேரா சொல்றேன். ராத்திரியில இல்லாத காலு வலிக்குது. அப்ப ஒங்க மேல கோவம் கோவமா வருது."

சரி என்றேன்.

"ஆனா நீங்க மறக்கற ஆளு இல்ல. அன்னிக்கு நான் குளிச்சிட்டு வந்து ஹால்லதான் தல தொவட்டிட்டு இருந்தேன். பொட்டு வெச்சாச்சு, நாளைக்குத்தான்னு அவ சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

தெருவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். "அவகிட்ட..."

"சொல்ல மாட்டேன்" என்றான். "நீங்களும் சொல்லிறாதீங்க. போங்க, அவ வந்துருவா."

15 ஜனவரி 2026, வியாழன். பொங்கல்

ஆலையில் என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நான் கேட்டதுதான்.

மத்தியானம் ரூபேந்திரன் புதுக் காலோடு, ஊன்றுகோல் பிடித்து, என் வாசல்வரை நடந்து வந்தான். இரண்டு வீட்டுத் தூரத்துக்குப் பத்து நிமிடம். நாற்காலி போட்டேன், உட்கார்ந்தான். பொங்கல் கொண்டு வரவில்லை, அதற்கு அவனுக்குச் சங்கடம். நான் பால் மட்டும் கலக்கிக் கொடுத்தேன்.

கஸ்தூரி எப்படி என்று கேட்டேன்.

"செருப்பு போடுறா. மூணு வேளையும் சாப்புடுறா. தெனம் படுக்கறதுக்கு முன்னாடி ஒங்கள கொஞ்ச நேரம் திட்டுவா. எங்கூடப் பொறந்தவனா இவன்னு. திட்டிட்டு படுத்தாள்னா காலையிலதான் எந்திரிக்கறா."

"நல்லாத் தூங்குறாளா?"

"தூங்குறா மச்சான்."

அது எனக்குப் போதும் என்று எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். போதவில்லை. ஆறு மணி ஆகிறது, அவள் வீட்டில் கடுகு தாளிக்கும் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. சன்னலைச் சாத்தவில்லை.