ஒரே அச்சில் அடித்த இரண்டு காசு

மார்ச் 3, செவ்வாய்
மைனஸ் பதினொன்று. காரில் பனி சுரண்டியதில் வேலைக்கு லேட். பல் செட் வார்க்கும் லாப், பதினாறு வருடம்.
சாப்பாட்டு நேரத்தில் என் குஜராத் வெள்ளிக்காசை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஆயிரம் வருடப் பழசு. ஈரான் அரசன் ஒருவனின் முகம். குஜராத்தில் தலைமுறை தலைமுறையாக அச்சைப் பார்த்துப் பார்த்து வெட்டியதில் மூக்கு வெறும் கோடு, கண் புள்ளி. பின்பக்க நெருப்புப் பீடம் ஏணி மாதிரி.
மூக்கருகே மயிரிழை போல ஒரு மேடு. காசை அடித்த அச்சில் வெடிப்பு இருந்தால் இப்படி விழும். எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

மார்ச் 4, புதன்
சிவநாதன் அண்ணையின் காசு! போனில் படம் இருக்கிறது. அதே மேடு.
போன வருடம் சேகரிப்பாளர் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: “உது வார்த்த காசு அண்ணை, போலி. நான் நாள் முழுக்க வார்க்கிறவள்.” பெட்டியை மூடிக்கொண்டு போனவர், பிறகு வரவேயில்லை.
இரண்டும் போலியா, இரண்டும் அசலா? ஒரே வார்ப்பு என்றால் விளிம்பும் ஒன்றாக இருக்கும். நேரில் பார்க்கவேண்டும்.
என் வீட்டுக்காரர் சொன்னார், பிழை என்றால் போய்ச் சொல்லத்தான் வேணுமாம்.

மார்ச் 5, வியாழன்
அண்ணைக்கு போன். சனி பத்து மணிக்கு வரச் சொன்னார். உடனே வைத்துவிட்டார்.
கொண்டு போக: லென்ஸ், சின்னத் தராசு, காசு. மன்னிப்பு, எப்படிக் கேட்பது?

மார்ச் 7, சனி
றிச்மண்ட் ஹில்லில் அண்ணை வீடு. ரோட்டெல்லாம் பனிச்சேறு. அண்ணை காசைத் துணியில் வைத்துவிட்டு ஜன்னலடிக்குப் போய்விட்டார்.
எடை வேறு. விளிம்பு வேறு. அச்சு பெரிது, காசு சிறிது: என்னுடையதில் மூக்குப் பக்கம் விழுந்திருக்கிறது, அவருடையதில் காதுப் பக்கம். வெடிப்பு என் காசில் தொடங்கி அவருடையதில் முடிகிறது. வார்த்ததல்ல, அடித்தது. இரண்டும் அசல்.
“நான் சொன்னது பிழை அண்ணை. எல்லாருக்கும் முன்னால சொன்னன். அடுத்த கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால திருத்திச் சொல்லுறன்.”
லென்ஸை வாங்கிக் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.
“நல்ல காசெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நீர் ஒருக்காப் பாக்கவேணும் எண்டுதான் ஆருக்கும் குடுக்காமல் வைச்சிருந்தனான்.”
அவர் தாளும் பென்சிலும் எடுத்து வந்தார். மத்தியானம் வரை இரண்டு காசையும் பார்த்து ஒரே முகமாக வரைந்தோம். என் காசின் ஓரத்தில் அழுக்கென்று நினைத்திருந்த புள்ளி, அரசனின் நாடி நுனி.